முத்திரையிட்ட புத்தகமும் நம்ம ஊர் இங்கிலீசும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

"த ஸ்கூல்மாஸ்டர் இஸ் அப்ராட்." நம் ஊரில் சாதாரண தரம் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் இந்த வாக்கியத்தைக் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "வாத்தியார் வெளிநாட்டில இரிக்கார்." மாலைதீவா கட்டாரா என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி. பிள்ளையைக் குறை சொல்ல ஏலாது. 2022 நெருக்கடியில், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதன் பிறகு எத்தனை வகுப்பறையில் அது அப்படியே உண்மையாகிப் போனது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த வாக்கியம் பிறந்தபோது அதன் கருத்து வேறு. பழைய ஆங்கிலத்தில் 'அப்ராட்' என்றால் வீட்டை விட்டு வெளியே இறங்கி ஊரெல்லாம் நடமாடுவது. "வாத்தியார் ஊருக்குள் இறங்கிவிட்டார், கல்வி பரவுகிறது, இனிப் பாருங்கள்" என்பதுதான் அதன் பொருள். கல்வி பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று தேடிப் போனபோது இந்த ஒரு தொடரும் அதைச் சொன்ன மனிதரும் என்னை நேரே நம் நாட்டு இலவசக் கல்விக்கும், அங்கிருந்து கல்முனைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் கதைதான் இது.

சொன்னவர் ஹென்றி புரூம். ஸ்கொட்லாந்தில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர். 1828 ஜனவரியில், வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு பிரதமரானார். பட்டாளக்காரர் ஆட்சிக்கு வந்துவிட்டாரே என்று பலருக்கும் பயம். புரூம் சபையில் எழும்பி, பட்டாளக்காரர் நடமாடட்டும், இந்தக் காலத்தில் அவரால் ஒன்றும் ஆகாது, இன்னொருவர் நடமாடத் தொடங்கிவிட்டார், அவர்தான் பள்ளி ஆசிரியர் என்றார். முழுப் போர்க்கோலத்தில் நிற்கும் சிப்பாய்க்கு எதிராக, கையில் அரிச்சுவடியோடு நிற்கும் வாத்தியாரையே தான் நம்புவதாகச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து பிடுங்கி எடுத்த நாலு சொல் பிறகு பல காலம் ஆங்கிலத்தில் மரபுத்தொடராக ஓடியது.

இவர் வாயளவில் பேசிவிட்டுப் போனவர் அல்ல. 1826 இல் லண்டனில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் அப்போது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. புதிய இடத்தில் மத நிபந்தனை இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே 1828 பெப்ரவரியில் அவர் இன்னொரு பேச்சுப் பேசினார், சட்டச் சீர்திருத்தம் பற்றி. ஆறு மணித்தியாலம்! (நாற்பது நிமிடப் பாடவேளையில் தண்ணீர் குடிக்கிற நமக்கு இது பெரிய விஷயம்.) அதன் முடிவில் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸை இழுத்தார். செங்கல்லாக இருந்த ரோமை சலவைக்கல்லாக விட்டுச் செல்கிறேன் என்று பெருமைப்பட்டவர் அகஸ்டஸ். சட்டம் விலை கூடியதாக இருந்தது, அதை மலிவாக விட்டேன். முத்திரையிட்ட புத்தகமாக இருந்தது, உயிருள்ள எழுத்தாக விட்டேன். பணக்காரரின் முதிசமாக இருந்தது, ஏழையின் வாரிசுரிமையாக விட்டேன் என்று ஓர் அரசர் சொல்ல முடிந்தால் அந்தப் பெருமை இன்னும் எவ்வளவு மேலானது என்று கேட்டார். அதற்குப் பிறகும் ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி 116 வருடம் தாண்டி கொழும்புக்கு வாருங்கள். 1944. அரசாங்க சபையில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர இலவசக் கல்வித் திட்டத்தை முன்வைத்துப் பேசுகிறார். அம்பலாங்கொடைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, புலமைப்பரிசில் கிடைத்ததால் காலி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவர். அவர் புரூமின் அந்தப் பந்தியை எடுத்தார். 'சட்டம்' இருந்த இடத்தில் 'கல்வி' என்று போட்டார், 'அரசர்' இருந்த இடத்தில் 'அரசாங்க சபை' என்று போட்டார். கல்வியை விலை கூடியதாகக் கண்டோம், மலிவாக விட்டோம். முத்திரையிட்ட புத்தகமாகக் கண்டோம், திறந்த கடிதமாக விட்டோம். பணக்காரரின் முதிசமாகக் கண்டோம், ஏழையின் வாரிசுரிமையாக விட்டோம் என்று சொல்லக் கிடைத்தால் அதுவே இந்தச் சபையின் பெருமை என்றார். 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசம். நீங்களும் நானும் படித்தது அந்தப் பேச்சின் புண்ணியத்தில்.

இந்தப் பந்தியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் சுவை கூடும்.

'டியர்' என்ற சொல்லைப் பிள்ளைகள் கடிதத்தின் தலையில் மட்டும்தான் கண்டிருக்கிறார்கள், 'டியர் சேர்' என்று. அன்பானது என்ற பொருளோடு விலை கூடியது என்ற பொருளும் அதற்கு உண்டு. இங்கே வரலாறு தெரிய வேண்டிய இடம் இது: 1945 க்கு முன் தமிழ், சிங்களப் பாடசாலைகளில் பொதுவாகக் கட்டணம் இல்லை. காசு கட்டிப் படித்தது ஆங்கிலப் பாடசாலைகளில். அரசாங்க உத்தியோகமும் வக்கீல், டொக்டர் தொழிலும் அந்த வாசல் வழியாகத்தான். ஆகவே கல்வி 'டியர்' என்று கன்னங்கர சொன்னபோது சபையில் இருந்தவர்களுக்கு விளங்கியது ஆங்கிலக் கல்வியின் விலை.

'சீல்ட் புக்' என்பது பைபிளின் ஏசாயா ஆகமத்திலிருந்து வந்த தொடர். பழங்காலத்தில் சுருளைச் சுற்றி மெழுகால் முத்திரை வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவனிடம் கொடுத்தாலும், முத்திரை போட்டிருக்கிறதே, எப்படி வாசிப்பது என்பான். ஒருவனுக்கு அறிவில்லை என்று இந்தத் தொடர் சொல்லவில்லை. திறக்க விடவில்லை என்கிறது. படிப்பு ஏறாத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறோமே, அது இதற்கு நேர் எதிர்.

'பட்ரிமனி' என்பது தகப்பன் வழிச் சொத்து. நம் பேச்சில் முதிசம். (நம் கரையில் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிற வழக்கம் என்பதால் 'தகப்பன் வழி' என்ற விளக்கம் கொஞ்சம் இடிக்கும்.) ஏழைக்குப் போனதை அவர் 'இன்ஹெரிட்டன்ஸ்' என்றார். இதை நான் விளக்கும்போது பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான்: ஸதக்காவா, மீராஸா? தர்மம் கொடுப்பவர் கொடுக்காமலும் விடலாம். வாரிசுரிமை அப்படி இல்லை. அது ஹக்கு, கேட்டு வாங்கலாம். இலவசக் கல்வியை அரசாங்கம் போடும் பிச்சை போல் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும்.

சரி, கொழும்பில் இந்த ஆங்கிலம் பேசப்பட்டபோது நம் கரையில் என்ன நிலைமை?

அப்போது அம்பாறை என்று தனி மாவட்டம் இல்லை. அது 1961 இல் பிரிந்தது. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். மட்டக்களப்புக்கு ஆங்கிலக் கல்வி வந்தது 1814 இல், வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் மிஷனரியோடு. வந்து ஒரு வருடம் ஆகுமுன் இறந்துபோனார், ஆனால் அவர் போட்ட அடித்தளம் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது. கல்முனையிலும் அதே மிஷன் பள்ளி திறந்தது. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம் அங்கே படித்து, மட்டக்களப்பு புனித மிக்கேலில் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் எடுத்து, விபுலானந்த அடிகளானார். புரூம் முன்னின்று தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் அது. அதன் பரீட்சையை இலங்கையில் இருந்தே எழுதலாம்.

முஸ்லிம் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் போகவில்லை. "அந்தக் காலத்து ஆட்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது" என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆங்கிலமும் பைபிளும் ஒரே கையிலிருந்து வந்தன. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமானால் காலையில் அந்த ஜெபத்திலும் நிற்க வேண்டும் என்றால், வாப்பா ஒருவர் யோசிக்கத்தான் செய்வார். லண்டனிலேயே அந்த நிபந்தனையை எடுக்க 1826 வரை போயிற்று. நம் வாப்பாமார் கேட்டதும் மத நிபந்தனை இல்லாத ஆங்கிலத்தைத்தான். கேட்கத் தெரியாமல் விலகி நின்றார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தயக்கத்துக்கு மருந்து தேடியவர் கண்டி எம். சி. சித்திலெப்பை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தை விடாமலே ஆங்கிலம் படிக்கலாம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். எகிப்திலிருந்து பிரித்தானியர் நாடுகடத்திய ஒராபி பாஷா 1883 இல் இங்கே வந்து சேர, அவருடைய ஆதரவும் சேர்ந்தது. 1892 இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராவின் தொடக்கம் அப்படித்தான். ஆனால் மருதானையில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் கல்முனைக்கு வர அரை நூற்றாண்டு எடுத்தது.

அதைக் கொண்டுவந்தது ஒரு யுத்தம் என்பது விசித்திரம். 1942 இல், இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு அரிசி நின்றுபோக, நெல் விளைவிக்கும் பிரதேசங்களுக்கு அவசர உதவி அரசாங்க அதிபர்களை அனுப்பினார்கள். கல்முனைக்கு வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ், வயது முப்பது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளைப் பார்த்தார். வயலும் இருக்கிறது, மூளையும் இருக்கிறது, ஆனால் மேல் வகுப்புக்குப் போக வழியில்லை. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அந்த வருடத்தில்தான் உருவானது. விபுலானந்த அடிகளின் நட்பும் அவருக்கு இங்கேதான் நெருங்கியது. 1945 இல் அவர் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு வித்து விழுந்தது கல்முனை மண்ணில் என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். 1948 இல் அவர் கொழும்பு ஸாஹிராவுக்கு அதிபராகப் போனார். 1949 இல் கல்முனைக்கும் ஒரு ஸாஹிரா வந்தது.

இனி நம் வாயில் என்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள். இதுதான் எனக்கு இந்தப் பதிவில் முக்கியமான இடம்.

வகுப்பறைக்குள் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள். மேசை, கதிரை, அலுமாரி, ஜன்னல், பேனை: எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப் போனவை. மேசையின் லாச்சியும், உம்மாமார் சொல்லும் கந்தோரும் ஒல்லாந்தர் கொடுத்தவை. கொப்பி, பென்சில், ரிப்போட், ரிசல்ட், பாஸ், பெயில், இன்டர்வல், சேர்ட்டிபிக்கட், பென்சன்: இவை ஆங்கிலம். ஆங்கிலமே தெரியாத மூத்தம்மாவும் "புள்ள சோதினை பாஸா?" என்று கேட்பார். ஒரு காலத்தில் "எஸ்.எஸ்.சி. பாஸ்" என்பது மாப்பிள்ளைக்குச் சொல்லும் பட்டம் போல இருந்தது.

சாமான் வந்தால் சாமானின் பெயர் வரும். பரீட்சை வந்தால் பரீட்சையின் சொல் வரும். ஆனால் மரபுத்தொடர் அப்படி வராது. அது ஆட்கள் பக்கத்தில் இருந்து பேசிப் பழகினால்தான் வரும். "மூக்கறுந்து போச்சு" என்றால் யாருக்கும் இரத்தம் வரவில்லை என்பது நமக்கு யாரும் படித்துக் கொடுத்ததல்ல, கேட்டுக் கேட்டு வந்தது. நம் கரைக்கு ஆங்கிலம் பரீட்சையாகவும் கந்தோராகவும் வந்தது, கூட இருந்து கதைக்கும் மொழியாக வரவில்லை. அதனால் பெயர்ச்சொல் எல்லாம் கிடைத்தது, தொடர்கள் கப்பலிலேயே நின்றுவிட்டன.

இன்று அவற்றை எப்படிக் கற்பிக்கிறோம்? ஐம்பது தொடர், எதிரே ஐம்பது கருத்து, நாளைக்குப் பாடமாக்கி வா. 'பேர்ன் த மிட்நைட் ஒயில்' என்றால் இராவிராவாகப் படித்தல், ஒரு மார்க். அந்த எண்ணெய் விளக்கெண்ணெய் என்று யாரும் சொல்வதில்லை. மின்சாரம் வராத வீட்டில் குப்பி விளக்கில் படித்து வாத்தியாரானவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்த்து உம்மா விளக்கை அணைக்கச் சொன்ன கதையை அவர்களிடம் கேட்டால் அந்தத் தொடர் சாகும் வரை மறக்காது. 'பாஸ் வித் ஃப்ளையிங் கலர்ஸ்' என்பதில் வரும் 'கலர்ஸ்' வர்ணமல்ல, கொடி. கடல் யுத்தத்தில் வென்ற கப்பல் கொடி பறக்கத் துறைக்குத் திரும்பும், தோற்றது கொடியை இறக்கிக்கொண்டு வரும். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

'பை ஹார்ட்' என்பதையும் சொல்ல வேண்டும். மனதால் கற்றல். மத்திய கால ஆங்கிலத்திலேயே இருக்கும் பழைய தொடர் இது. இலங்கையில் நாம் அதை வினைச்சொல்லாக்கி "பைஹார்ட் பண்ணு" என்கிறோம். விளங்காமல் ஒப்புவிப்பது என்று அதற்கு ஒரு மட்டமான பொருளும் ஒட்டிவிட்டது. அரபியில் அதற்கு ஹிப்ழ். அதன் வேர்ப்பொருள் பாதுகாத்தல். ஒன்றை மனதில் வைத்தால் அதைக் காவல் காக்கிறாய் என்று அந்த மொழி நினைக்கிறது. தமிழில் பாடமாக்குதல். மூன்று மொழி, மூன்று நினைப்பு. நம் பிள்ளைக்கு மூன்றும் சொந்தம். பெரிய இன்டர்நெஷனல் ஸ்கூல் பிள்ளைக்கும் இந்த வசதி சுலபமாகக் கிடைக்காது.

மறுபடி 1944 க்கு வருகிறேன். கன்னங்கர பேசிய அதே காலத்தில், மே மாதம், இன்னொரு பிரேரணையும் விவாதிக்கப்பட்டது. சிங்களத்தை உத்தியோக மொழியும் போதனா மொழியும் ஆக்க வேண்டும் என்று ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்தது. அதில் 'தமிழும்' என்று சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் வி. நல்லையா, திருகோணமலை மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர். அதாவது நம் கரையின் பிரதிநிதி. தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல் வகுப்புகளுக்கும் வந்தது. நெசவுக்காரர் பிள்ளையும் மீன்பிடிப்பவர் பிள்ளையும் தமிழில் விஞ்ஞானம் படித்து டொக்டராகி வந்தார்கள். அதற்கான கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் வேலையில் சென்னையில் முன்னின்றவர்களில் ஒருவர் மேலே சொன்ன காரைதீவுக்காரர்தான். இதைக் குறைவாக யாரும் பேசக்கூடாது. தமிழ் வழியில் படித்தது நம்மைக் கெடுத்துவிட்டது என்று சொல்லும் ரியூசன் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் ஒரு புத்தகம் திறந்தபோது மற்றப் புத்தகத்தில் முத்திரை இறுகியது. ஆங்கிலம் எல்லோருக்கும் ஒரு பாடமானது, யாரோ சிலருக்கு மட்டும் மொழியாக இருந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் அதைத் தங்கள் பிள்ளைக்கு அப்படியே கொடுத்தன. அசல் முதிசம்! தனியார் கம்பனி நேர்முகத் தேர்வில் கதவு திறப்பது அதற்குத்தான் என்பது தமிழிலோ சிங்களத்திலோ பட்டம் எடுத்தவர்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

இங்கேதான் புரூமின் மிச்ச வரி. வாரிசுரிமைக்குப் பிறகு அவர் சொன்னது இது: சட்டம் சூழ்ச்சிக்காரர் கையில் இருபக்கமும் வெட்டும் வாளாக இருந்தது, அதை நேர்மையின் ஊன்றுகோலாகவும் அப்பாவியின் கேடயமாகவும் விட்டேன் என்று சொல்லக் கிடைக்க வேண்டும். கன்னங்கரவின் பேச்சில் நாம் வழக்கமாக மேற்கோள் காட்டும் பகுதியில் இந்த வாள் இல்லை. வாள் தானாக வந்தது. கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் போன சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ'. சிங்களத்தில் வாள். ஆங்கிலம் தெரிந்தவன் அதை உருவினால் மற்றவன் வெட்டுப்படுவான். மொழியியலாளர் திரு கந்தையா 1984 இல் இந்த ஒரு சொல்லை வைத்தே, ஆங்கிலம் இந்நாட்டில் எப்படி ஆயுதமாக வேலை செய்கிறது என்று கட்டுரை எழுதினார். புரூமின் பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகள் அவருடைய உவமையையே தாங்களாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2001 முதல் அரச பாடசாலைகளில் ஆங்கில வழி வகுப்புகள் திரும்ப வந்தன. 2009 ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய வருடம் என்று அறிவித்து, நம் பாணியிலேயே பேசுவோம் என்றார்கள். நல்ல வார்த்தை. நடைமுறையில் ஆங்கில வழி வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் பின்னேரம் ரியூசன் வேண்டியிருக்கிறது. காசு கட்ட முடிந்த வாப்பா கட்டுகிறார். முடியாதவரின் பிள்ளை பின்வாங்கில் இருந்து ஐம்பது தொடரைப் பைஹார்ட் பண்ணுகிறது. 'டியர்' என்ற சொல்லின் இரண்டாவது பொருள் திரும்பி வந்து நிற்பதைப் பார்க்க அரசாங்க சபை ஹன்சாட் தேவையில்லை, மாதக் கடைசியில் ஒரு ரியூசன் வாசலில் நின்றால் போதும்.

இந்தத் தவணையில் தரம் 11 க்கு நான் பட்டியல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வாரத்துக்கு ஒரே ஒரு தொடர், அதன் கதையோடு. போன வாரம் 'சீல்ட் புக்'. இந்த வாரம் 'மிட்நைட் ஒயில்'.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். உங்கள் வீட்டில் எஸ்.எஸ்.சி. காலத்து மூத்தாப்பா, மூத்தம்மா யாராவது இருந்தால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் சொன்ன ஆங்கிலச் சொற்களையும், வாத்தியார் அடிக்கும்போது சொன்ன ஆங்கிலத்தையும் கேட்டு கொமன்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன். எந்த ஊர், எந்தக் காலம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.